குழந்தைகளும் கூட்டெழுத்தும்

எழுத்தென்பது ஒலிவடிவு, வரிவடிவு என இருவகைத்து என்று தமிழிலக்கணம் பயில்வோர் முதற்கண் அறிவர். செவிக்குப் புலனாவது ஒலிவடிவு; கண்ணுக்குப் புலனாவது வரிவடிவு. ஆயின், ஐந்து வயதுக் குழந்தையின் கையிலே பென்ஸிலைக் கொடுத்து எழுதக் கற்பிக்கப் புகும் ஒருவர்க்கு இவ்விரண்டும் போதா. கை எங்கே தொடங்கி, எவ்வழிச் சென்று, எங்கே திரும்பி, எங்கே முடிகின்றது என்னும் மூன்றாவதொரு வடிவும் எழுத்துக்கு உண்டு. அதனை 'நடைவடிவு' என்று ஈண்டுப் பெயரிட்டு வழங்குவோம். ஆங்கிலக் கூட்டெழுத்தைக் கற்பதில் நம் சிறுவர்க்கு நேரும் இடர்களிற் பெரும்பாலன, இந்நடைவடிவை மறந்து, வரிவடிவை மட்டும் ஒரு படம்போற் காட்டி, 'இதனைப் பார்த்து எழுது' என்று விட்டுவிடுவதனால் விளைவனவே. இதனை இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டெழுத்து யாதெனச் சிறிது காண்போம். அச்சிட்ட புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கள் ஒன்றையொன்று தீண்டாமல் தனித்தனியே நிற்கும். கையால் விரைந்து எழுதுங்கால், ஓர் எழுத்தின் முடிவையே அடுத்த எழுத்தின் தொடக்கமாகக் கொண்டு, பேனாவை எடாமல், சொல்லை ஒரே ஓட்டமாக எழுதிச் செல்லுவதே கூட்டெழுத்தாம். இஃது அழகு ஒன்றையே கருதி எழுந்ததன்று. இறகுப் பேனா வழங்கிய காலத்தில், அதனைத் தாளினின்றும் அடிக்கடி எடுத்து வைத்தால் மை சிந்தும். இறகின் முனையும் கெடும். ஆதலின் எடாமல் எழுதுதலே எளிதாயிற்று. வாணிகமும் கடிதப் போக்குவரத்தும் பெருகிய பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வட்ட வடிவான கையெழுத்து முறையொன்று பரவிற்று. அதன் மாதிரிகளைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டனர். ஜார்ஜ் பிக்ஹாம் என்பார் 1733 முதல் 1741 வரையில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'யூனிவர்ஸல் பென்மன்' என்னும் நூல் இவற்றுட் புகழ் வாய்ந்தது. அச்செப்புத் தகட்டின் பெயரே அவ்வெழுத்து முறைக்கு ஆங்கிலத்தில் இன்றளவும் நிலைத்துளது.

விரைவினால் எழுத்து வளைவதென்பது தமிழர்க்குப் புதிதன்று. மாங்குளம் முதலிய இடங்களிற் குகைகளிலே காணப்படும் பழந்தமிழ் எழுத்துக்கள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆயவை. அவ்வெழுத்தே பல நூற்றாண்டுகள் கைபட்டு வளைந்து வட்டெழுத்தாக உருப்பெற்றது. பாறையிற் செதுக்குவோனுக்கு நேர்கோடு எளிது. கையோட்டமாக எழுதுவோனுக்கு வளைவே எளிது. இவ்வுண்மையைப் பின்னர்க் குழந்தையின் கையிலும் காண்போம்.

இனி, நம் குழந்தைக்குக் கூட்டெழுத்து ஏன் கடினமாகின்றது என்பதை ஆராய்வோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துக்கள் 247. எண்ணிக்கை பெரிதாயினும், புத்தகத்திலுள்ள 'க'வும், கரும்பலகையிலுள்ள 'க'வும், குழந்தை தன் சிலேட்டில் எழுதும் 'க'வும் ஒரே உருவின. ஆங்கிலத்திலோ எழுத்துக்கள் 26 தாம். ஆயின் ஒவ்வொன்றுக்கும் அச்சிற் பெரியது, அச்சிற் சிறியது, கூட்டெழுத்திற் பெரியது, கூட்டெழுத்திற் சிறியது என நான்கு கோலங்கள் உள்ளன. ஆகவே குழந்தை அறிய வேண்டிய உருவங்கள் 104 ஆகின்றன. அவற்றுட் சில ஒன்றையொன்று ஒத்திருப்பினும், ஒவ்வாதன பல. புத்தகத்திலுள்ள 'ஆர்', 'எஸ்', 'எஃப்', 'இஸட்' என்னும் சிறிய எழுத்துக்களைக் கூட்டெழுத்திலுள்ளவற்றோடு ஒப்பிட்டு நோக்கின், அவை ஒரே எழுத்தென்று சொல்லக் கேட்டாலன்றி ஒருவரும் துணியார். பழைய முறையில் எழுதிய பெரிய 'கியூ' என்னும் எழுத்து, இரண்டு என்னும் எண்ணைப் போலவே தோன்றும்.

ஆங்கிலம் அறிந்த பெற்றோர் உள்ள வீட்டில், ஐயம் எழுந்தபொழுதே தாயோ தந்தையோ அதனைத் தீர்த்துவிடுவர். தமிழ் மட்டும் அறிந்த வீட்டிலும், எழுத்தே அறியாத வீட்டிலும் பிறந்த குழந்தைக்கு அவ்வுதவி இல்லை. வீட்டுப் பாடமாகக் கொடுக்கப்பட்ட நான்கு கோட்டு நோட்டுப் புத்தகமே அதற்கு ஆசிரியராகின்றது. எம் மாணவர் சிலர் மாலை வேளைகளில் அண்மையிலுள்ள குடியிருப்பொன்றிற்குச் சென்று சிறுவர்க்குப் பாடஞ் சொல்லித் தருகின்றனர். அங்கே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டோம். பக்கம் முழுவதும் முத்துக் கோத்தாற்போன்ற கூட்டெழுத்து; ஆசிரியரின் சிவப்பு மைப் பாராட்டும் அதனடியில் இருந்தது. தான் எழுதியதனை வாசிக்குமாறு கேட்டபோது, அவளால் ஒரு சொல்லும் வாசிக்க இயலவில்லை. அச்சொற்களையே அச்சிட்ட புத்தகத்திற் காட்டியபோது தடையின்றி வாசித்தாள். பின்னர் எம் முன்னிலையில் எழுதச் சொன்னோம். 'ஏ' என்னும் எழுத்தை அவள் அடியிலே தொடங்கி, வலஞ்சுழியாக ஒரு வட்டமிட்டு, கையை எடுத்து, அருகில் ஒரு கோடு இழுத்தாள். எழுதி முடிந்தபின் நோக்கினால் குறையொன்றும் தோன்றாது. ஆயின் அவள் எழுதியது எழுத்தன்று, எழுத்தின் சித்திரம். அடுத்த எழுத்தோடு அதனைக் கூட்ட வேண்டிய இடத்திலெல்லாம் அவள் கை தடுமாறி நின்றது. இத்தகைய குழந்தைகளே நாளடைவில் 'மந்தம்' என்று பெயர் பெறுகின்றனர். குறை குழந்தையின் அறிவில் இல்லை. நடைவடிவை அதற்கு ஒருவரும் காட்டாமையிலேயே உளது.

நடைவடிவை முதலிற் கற்பிக்கும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சிறுவன் தரையில் மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுத்தை எழுதுவான். எழுதும்போதே அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லுவான். கை தவறினால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். காகிதச் செலவு இல்லை, பிழையின் சுவடும் இல்லை. முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்க்குக் கைபிடித்துக் காட்டுவான். ஒலிவடிவு, வரிவடிவு, நடைவடிவு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கு கூடின. அப்பள்ளிகளிற் பிரம்படியும் பொருளறியா நெட்டுருவும் மிகுந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவற்றை விலக்கிய நாம், அவற்றோடு மணலையும் விலக்கிவிட்டோம்.

அம்மணலின் அருமையை உணர்ந்தவர் ஓர் அயல்நாட்டினர். ஸ்காட்லாந்தினரான ஆண்ட்ரூ பெல் பாதிரியார் 1787 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் காப்பகத்தை மேற்பார்வையிட்டு வந்தார். இந்நாட்டுப் பள்ளியொன்றிலே சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இசையாமையால், மூத்த மாணவனொருவனிடமே அவ்வகுப்பை ஒப்புவித்தார். அது நற்பயன் தந்தது. 1797 இல் லண்டனில் அவர் இதனைப் பற்றி நூலொன்று வெளியிட, மாணவரைக் கொண்டே மாணவரைக் கற்பிக்கும் அம்முறை 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு ஸ்காட்லாந்தில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பெற்ற பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நூறாண்டுகட்குப் பின் இத்தாலியில், மணலினும் நுண்ணியதொரு கருவி பிறந்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஆம் ஆண்டு ஜனவரியில் ரோமாபுரியின் ஸான் லோரென்ஸோ என்னும் ஏழைகள் வாழ் பகுதியிலே தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தொழிலாளரான அப்பெற்றோரிற் பலர் எழுத்தறியாதவர். அவர்களே தம் மக்கட்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருமாறு வேண்டினர். அம்மையார் முன்னரே வேறிடத்திற் பயன்படுத்திய மர எழுத்துக்களைச் செய்விக்க அங்கு வாய்ப்பில்லை. எனவே உப்புத்தாளைக் கூட்டெழுத்தின் உருவாகக் கத்தரித்து, வழுவழுப்பான அட்டையில் ஒட்டினார். வறுமை தந்த இவ்வுபாயம் மரத்தினும் சிறந்ததாயிற்று. ஏனெனில், சொரசொரப்பான வரியின்மேல் விரல் செல்லுங்கால், வழி தவறிய கணமே வழுவழுப்பு அதனை உணர்த்திவிடும். பிழையைக் காட்ட ஆசிரியர் வேண்டுவதில்லை; விரலே ஆசிரியர்.

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் சுட்டுவிரலும் நடுவிரலும் கொண்டு அவ்வெழுத்தை எழுதும் திசையிலேயே தடவி, உடன் அதன் ஒலியைக் கூறினர். பிறிதொரு வேளையில், உலோகச் சட்டங்களில் வெட்டிய வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களின் உள்விளிம்பைப் பென்ஸிலாற் சுற்றி வரைந்து, அவ்விடத்தைக் கோடுகளால் நிரப்பினர். முன்னது எழுத்தின் வழியைக் கைக்குக் கற்பித்தது. பின்னது பென்ஸிலை ஆளும் திறத்தைக் கற்பித்தது. எழுதுமாறு ஒருவரும் அவர்களை ஏவவில்லை. குளிர்காலத்து வெயிலில் ஒருநாள், மேன்மாடத்திலே அம்மையார் ஒரு சிறுவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, எதிரிலிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், தானே அருகில் 'மானோ' என்று எழுதிவிட்டு, தனக்கு எழுத வருகின்றதென்று ஆரவாரித்தான். 'மானோ' என்பது இத்தாலிய மொழியிற் கையைக் குறிப்பது. இவ்வம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர் பலரைப் பயிற்றினார் என்பதும், போர்க்காலத்திற் கோடைக்கானலிலும் வாழ்ந்து குழந்தைகளோடு பழகினார் என்பதும் நாம் நினைவிற் கொள்ளற்பாலன.

இவ்வனுபவங்கட்கு இக்கால விஞ்ஞானமும் சான்று பகர்கின்றது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக் கழகத்தைச் சார்ந்த கேரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் என்னும் இருவர், இன்னும் படிக்கக் கல்லாத ஐந்து வயதளவினரான குழந்தைகளை ஆராய்ந்து 1912க்கு நூறாண்டுகட்குப் பின், அதாவது 2012 இல், தம் முடிபை வெளியிட்டனர். அக்குழந்தைகள் சில எழுத்துக்களைப் பார்த்துத் தாமே எழுதினர். சிலவற்றைப் புள்ளிகளின்மேல் இழுத்தனர். சிலவற்றைப் பொறியின் விசையைத் தட்டி அறிந்தனர். பின்னர் அவ்வெழுத்துக்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, தாமே எழுதிப் பழகிய எழுத்துக்களைக் கண்டபொழுதே படிப்புக்குரிய பகுதிகள் மிகுதியும் தொழிற்பட்டன. அவர்கள் ஆராய்ந்தது தனியெழுத்துக்களையேயன்றிக் கூட்டெழுத்தையன்று. எனினும் நமக்கு ஒரு பாடம் தெளிவாகின்றது. புள்ளிகளின்மேல் பென்ஸிலை இழுத்துப் பக்கத்தை நிரப்புதல் மட்டும் எழுதுதலாகாது. தடவுதலும் இழுத்தலும் வாயில்களே. அவற்றைக் கடந்து, நினைவினின்றும் தானே எழுதும்போதுதான் எழுத்துக் குழந்தைக்குச் சொந்தமாகின்றது.

நிற்க. இனிக் கற்பிக்கும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, கையைப் பண்படுத்தல். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருந்து, குழந்தைப் பருவம் நெடுக ஒவ்வொன்றாக உறுதிப்படுகின்றன. ஆகவே மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்ஸிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் செய்வது தகாது. களிமண் பிசைதல், காகிதங் கிழித்து ஒட்டுதல், பூத்தொடுத்தல், பல்லாங்குழியிற் புளியங்கொட்டையை எடுத்து எடுத்து இடுதல் ஆகிய இவையெல்லாம் விரலுக்குப் பயிற்சியே. இவற்றுள்ளும் சிறந்தது கோலம். சிக்குக் கோலமிடும் பெண்ணின் கை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, திரும்பி, தொடங்கிய இடத்தையே வந்தடைகின்றது. கூட்டெழுத்து வேண்டுவதும் இவ்வோட்டத்தையே. இங்கிலாந்தில் மேரியன் ரிச்சர்ட்ஸன் என்னும் ஆசிரியை, அலையும் வளைவும் சுழியுமாகிய கோலங்களை முதலிற் பழக்கி, அவற்றினின்றும் எழுத்தைத் தோற்றுவிக்கும் முறையை 1935 இல் வெளியிட்டார். அங்கே புத்தகமாகச் செய்ய வேண்டியது, இங்கே வாயிற்படியிலேயே உளது.

இரண்டாவது, எழுத்தை அறிதல். அறிதல் வேறு, எழுதுதல் வேறு; முன்னது எளிது, பின்னது அரிது. ஆதலின் அறிதலே முற்பட வேண்டும். உருவில் மிக வேறுபட்ட இரண்டெழுத்துக்களை, சான்றாக 'எம்', 'ஓ' என்பவற்றை, உப்புத்தாளிலோ மணலிலோ அமைத்துக் குழந்தையின் விரலால் தடவச் செய்து, அவற்றின் பெயரைக் காட்டிலும் ஒலியையே சொல்ல வேண்டும். முதற்படியில் ஆசிரியர் 'இது இவ்வெழுத்து' என்று சொல்லுவார். இரண்டாம் படியில் 'அவ்வெழுத்து எது? காட்டு' என்பார். மூன்றாம் படியில் 'இது யாது?' என வினவுவார். இரண்டாம் படியில் தடுமாறும் குழந்தையை மூன்றாம் படிக்குத் தள்ளலாகாது. முதற்படிக்கே இன்முகத்தோடு மீள வேண்டும்.

மூன்றாவது, எழுத்துக்களை அகர வரிசைப்படி கற்பியாமல், நடைவடிவால் ஒத்தவற்றை இனமாகச் சேர்த்துக் கற்பித்தல். சிறிய எழுத்துக்களை நான்கு இனமாகப் பிரிக்கலாம். தரையினின்றும் வலப்புறமாகச் சரிந்தேறி, நேரே இறங்கி, அடியில் வளைந்து முடிவன 'ஐ', 'யூ', 'டபிள்யூ', 'டேபிள்' என்னும் சொல்லின் முதலெழுத்து ஆகியன, இவை முதலினம். அவ்வாறே ஏறி, உச்சியில் இடப்புறமாக மடங்கிக் கண்ணிபோல் இறங்குவன 'இ', 'எல்', 'எச்', 'கே', 'எஃப்', 'பேட்' என்னும் சொல்லின் முதலெழுத்து ஆகியன, இவை இரண்டாமினம். மேலே தொடங்கி இடஞ்சுழியாக உருள்வன 'ஏ', 'சீ', 'ஓ', 'ஜீ', 'கியூ', 'டாக்' என்னும் சொல்லின் முதலெழுத்து ஆகியன, இவை மூன்றாமினம். மேடுபோல் வலஞ்சுழியாகக் கவிந்து தொடங்குவன 'என்', 'எம்', 'வீ', 'எக்ஸ்', 'ஒய்' ஆகியன, இவை நான்காமினம். எஞ்சிய 'ஜே', 'ஆர்', 'எஸ்', 'இஸட்', 'பென்' என்னும் சொல்லின் முதலெழுத்து ஆகிய ஐந்தையும் இறுதியில் தனித்தனியே காட்டலாம். ஓரினத்தில் ஒன்றைக் கை கற்றுக்கொண்டால், ஏனையவை பாதி கற்றனவாகவே ஆகும்.

இவ்வினமுறையால் மற்றொரு நன்மையும் உண்டு. 'பேட்' என்பதன் முதலெழுத்தும் 'டாக்' என்பதன் முதலெழுத்தும் அச்சில் கண்ணாடி நிழல்போல் ஒன்றற்கொன்று எதிராக நிற்பன. அவற்றை மாற்றி எழுதாத குழந்தை அரிது. கூட்டெழுத்திலோ முன்னது மேல்நோக்கி ஏறித் தொடங்குகின்றது. பின்னது இடப்புறம் உருண்டு தொடங்குகின்றது. கண் மயங்கும் இடத்திலே கை மயங்காது.

நான்காவது, கூட்டுதல். எழுத்துக்கள் இருபத்தாறும் முடியும் வரை காத்திராமல், இரண்டெழுத்துக்கள் தெரிந்தவுடனே அவற்றைக் கூட்டிக் காட்டலாம். சிறிய எழுத்துக்களிற் பெரும்பாலன தரைக்கோட்டிலே முடிந்து, அங்கிருந்தே அடுத்ததை நோக்கி எழும். 'பேட்' என்பதன் முதலெழுத்து, 'ஓ', 'வீ', 'டபிள்யூ' என்னும் நான்கு மட்டும் மேலே முடிவன. 'உள்ளே' என்னும் பொருளுடைய 'இன்' என்ற சொல்லில், இறுதி எழுத்தைக் கை கீழிருந்து சென்று பற்றுகின்றது. 'மேல்' என்னும் பொருளுடைய 'ஆன்' என்ற சொல்லில், அதே எழுத்தை மேலிருந்து சென்று பற்றுகின்றது. இவ்வேற்றுமையைத் தனியே காட்டாது விடின், குழந்தை நெடுநாள் இடர்ப்படும். தமிழில் நிலைமொழியின் ஈறு நோக்கி வருமொழியின் முதல் திரிதலைப் புணர்ச்சி என்கிறோம். இதுவும் ஒருவகைப் புணர்ச்சியே என்று கொள்க.

ஐந்தாவது, எழுதும் இடம். முதலில் மணல், பின்னர்க் கரும்பலகை, அதன்பின் சிலேட்டு, அதன்பின் கோடில்லாத் தாள், இறுதியிலேயே நான்கு கோட்டு நோட்டுப் புத்தகம். பெரிதாக எழுதும்போது தோளும் முழங்கையும் வழியைக் கற்கின்றன. சிறிதாக எழுதும்போது விரல்கள் அதனைச் சுருக்கிக்கொள்கின்றன. நான்கு கோட்டை ஒரு வீடாகச் சொல்லிக் காட்டினால் குழந்தை மகிழும். நடுவிலுள்ள நீலக் கோடுகள் இரண்டிற்கும் இடைப்பட்டது கூடம், மேலது பரண், கீழது நிலவறை. எல்லா எழுத்தும் கூடத்தில் வாழ்வன. சில பரணுக்கு ஏறும். சில நிலவறைக்கு இறங்கும். 'எஃப்' என்பது மட்டும் மூன்றிடமும் சென்று மீளும்.

ஆறாவது, அமரும் முறை. கால்கள் தரையிற் படிய, வெளிச்சம் எழுதும் கைக்கு எதிர்ப்புறமிருந்து வர, தாளைச் சற்றே சாய்த்து வைத்து எழுத வேண்டும். வலக்கையால் எழுதுவோர் தாளின் தலைப்பை இடப்புறமாகவும், இடக்கையால் எழுதுவோர் வலப்புறமாகவும் சாய்த்தல் நன்று. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை அடித்தும் அச்சுறுத்தியும் வலக்கைக்கு மாற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. அஃது இயற்கையோடு மாறுகொள்வதாம். ஒருநாளைக்குப் பத்து நிமிடம் ஆசிரியர் கண்காணிப்பில் எழுதுதல், ஒருமணி நேரம் தனியே நிரப்புதலினும் மேலானது. ஏனெனில் பிழையான நடை நூறு முறை பழகினால் நூறு மடங்கு உறுதிப்படும்.

ஏழாவது, பிறர் எழுதிய கூட்டெழுத்தைப் படித்தல். இதுவே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. ஒரு சொல்லை ஓரட்டையில் அச்செழுத்திலும் மற்றோரட்டையிற் கூட்டெழுத்திலும் எழுதி, இணை சேர்க்கும் விளையாட்டாகக் கொடுக்கலாம். ஆசிரியர் தாம் கரும்பலகையில் எழுதும் சொல்லைக் குழந்தைகள் காண, கையோட்டம் தெரியுமாறு மெல்ல எழுத வேண்டும்; எழுதியதனைக் குழந்தையை வாசிக்கச் செய்த பின்னரே பார்த்தெழுதச் சொல்ல வேண்டும். வாசிக்க இயலாததனை எழுதச் செய்தலாகாது என்னும் இவ்வொரு விதியைக் கடைப்பிடிப்பின், முற்கூறிய சிறுமியின் நிலை ஒருவர்க்கும் நேராது.

அச்செழுத்தா, கூட்டெழுத்தா, எதனை முதலிற் கற்பிப்பது என்பதில் உலகம் ஒருமைப்படவில்லை. பிரெஞ்சு நாட்டில் இளமையிலேயே கூட்டெழுத்தைக் கற்பிக்கின்றனர். அமெரிக்காவில் அச்செழுத்தை முதலிலும், கூட்டெழுத்தை மூன்றாம் வகுப்பையொட்டியும் கற்பித்தல் நெடுநாள் வழக்கம். அங்கே 2010 இல் வகுத்த பொதுப் பாடநெறி கூட்டெழுத்தைக் குறிப்பிடாது விடுத்தது. பின்லாந்து 2016 இல் அதனைக் கட்டாயமல்லாததாக்கிற்று. ஆயின் காலிபோர்னியா மாகாணம் 2023 இல் இயற்றிய சட்டத்தால், முதல் ஆறு வகுப்புக்களில் அதனை மீண்டும் புகுத்தியது. பொறியில் தட்டி எழுதும் இக்காலத்திற் கூட்டெழுத்து எதற்கு என்று வினவுவோர்க்கும் விடை உண்டு. தேர்வறையில் மூன்று மணி நேரம் கையாலெழுத வேண்டிய நம் மாணவர்க்கு, கை தளராது விரைந்து செல்லும் எழுத்து இன்னும் வேண்டற்பாலதே. மேலும், கூட்டெழுத்தைப் படிக்க அறியாதவர்க்குப் பழைய கடிதங்களும் ஆவணங்களும் பூட்டிய பெட்டிகளாய்விடும்.

எம்முறை முந்தினும், முறையின் பெயரைக் காட்டிலும் அதனைக் கற்பிக்கும் வகையே பெரிது. இக்கட்டுரையைப் படிப்போருள் ஆசிரியராயுள்ள பழைய மாணவர் பலர் இருப்பர். ஆசிரியராகப் போகும் தோழர் அவரினும் பலர். தம்பி தங்கையர்க்கு மாலையிற் பாடஞ் சொல்லுவோர் எல்லாரினும் பலர். அவர்களிடம் வேண்டுவது ஒன்றே. குழந்தை எழுதி முடித்த பக்கத்தை மட்டும் நோக்கி மதிப்பிடாதீர்கள். எழுதிக் கொண்டிருக்கும் கையை நோக்குங்கள். அது தொடங்கும் இடத்தையும் திரும்பும் திசையையும் ஐந்து நிமிடம் அருகிருந்து கண்டால், எந்த எழுத்தில் இடறுகின்றது என்பது தானே விளங்கும். ஒரு தட்டு மணலும், ஒரு தாள் உப்புக் காகிதமும், சிறிது பொறுமையும் அதற்குப் போதும். இவை எக்குடிசையிலும் கிடைப்பன.